மூன்றே மூன்று ‘இல்லை’: ஃபாக்லாந்து வாக்கெடுப்பும் ஓர் ஓடுபாதையும்

2013 மார்ச் 10, 11 தேதிகளில் ஃபாக்லாந்து தீவுகளில் ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. பிரிட்டனின் ஆட்சிப்பகுதியாகவே நீடிக்க விரும்புகிறீர்களா என்று கேட்டார்கள். ‘ஆம்’ என்றவர்கள் 1,513 பேர். ‘இல்லை’ என்றவர்கள் 3 பேர். வாக்களிக்கத் தகுதி உள்ளவர்களில் சுமார் 92 சதவீதம் பேர் வாக்களித்திருந்தார்கள்.

இத்தோடு தகராறு முடிந்திருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். முடியவில்லை. ஒவ்வோர் ஆண்டும், 1982 போரின் நினைவு நாளான ஏப்ரல் 2 வந்தால், அர்ஜென்டினா அதிபர் ‘மால்வினாஸ் எங்களுடையது’ என்று பேசுகிறார் (ஃபாக்லாந்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மால்வினாஸ்). தீவில் நான்கு போர் விமானங்கள் இன்றும் தயாராக நிற்கின்றன. அப்படியானால் அந்த வாக்கெடுப்பு எதற்கு? 1,513 பேர் சொன்னது கணக்கில் வருமா, வராதா?

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், வாக்கெடுப்பு அர்ஜென்டினாவை நோக்கி நடத்தப்பட்டது என்று மட்டும் நாம் நினைத்துக்கொள்வது. அதற்கு இன்னொரு முகவரியும் இருந்தது: லண்டன். அது புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

இடமும் ஆட்களும்

தென் அட்லாண்டிக் கடலில், அர்ஜென்டினா கரையிலிருந்து ஏறத்தாழ 480 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது இந்தத் தீவுக் கூட்டம். பிரிட்டனிலிருந்து பார்த்தால் 12,000 கிலோமீட்டருக்கும் மேல். கிழக்கு, மேற்கு என இரண்டு பெரிய தீவுகள், சுற்றிலும் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சின்னத் தீவுகள். மொத்தப் பரப்பு சுமார் 12,000 சதுர கிலோமீட்டர். இவ்வளவு நிலத்தில் வாக்கெடுப்பு நடந்த காலத்தில் இருந்த மக்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. நம் ஊர்க் கல்யாண மண்டபம் இரண்டில் உட்கார வைத்துவிடலாம்.

அவர்களில் பெரும்பாலோர் தலைநகரான ஸ்டான்லியில் வசிக்கிறார்கள். ஸ்டான்லிக்கு வெளியே இருக்கிற புல்வெளியும் ஆட்டுப்பண்ணைகளும் சேர்ந்த நாட்டுப்புறத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கேம்ப்’. ராணுவ முகாம் என்று நினைத்துவிடாதீர்கள். வயல்வெளியைக் குறிக்கும் ‘காம்போ’ என்ற ஸ்பானியச் சொல்லின் சிதைவு அது. ஸ்பானிய மொழி பேசும் நாட்டோடு இருநூறு ஆண்டு வழக்கு நடத்துகிறவர்கள் தங்கள் நாட்டுப்புறத்தை ஸ்பானியச் சொல்லால்தான் அழைக்கிறார்கள்.

யார் முதலில் வந்தது?

இந்தக் கேள்வியில் இறங்கினால் சீக்கிரம் கரையேற முடியாது. நமக்கு வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன்.

1. 1764-ல் முதல் குடியிருப்பை அமைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சான் மாலோ துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் வைத்த ‘மாலுயின்’ என்ற பெயர்தான் ஸ்பானிய வாயில் ‘மால்வினாஸ்’ ஆனது.

2. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே பிரிட்டிஷார் மேற்குப் பக்கம் ஒரு சிறு தீவில் தனியாகக் குடியேறினார்கள். பிரான்ஸ் தன் இடத்தை 1767-ல் ஸ்பெயினிடம் ஒப்படைத்தது. பிரிட்டிஷார் 1774-ல் தங்கள் உரிமையை ஒரு தகட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஸ்பெயின் 1811-ல் கிளம்பியது.

3. ஸ்பெயினிடமிருந்து விடுபட்ட அர்ஜென்டினா, ஸ்பெயினின் சொத்து தனக்குத்தானே வரும் என்று 1820-களில் உரிமை கோரி ஒரு குடியிருப்பையும் ஏற்படுத்தியது.

4. 1833 ஜனவரியில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று வந்து அர்ஜென்டினாவின் சிறு காவல்படையை வெளியேற்றியது. அன்று முதல், 1982-ல் சில வாரங்கள் நீங்கலாக, ஆட்சி பிரிட்டனிடம்.

அர்ஜென்டினாவுக்கு எல்லாமே 1833-ல் தொடங்குகிறது: பிடுங்கிக்கொண்டீர்கள், பிறகு உங்கள் ஆட்களைக் குடிவைத்தீர்கள், இப்போது அந்த ஆட்களிடமே ‘யாருடைய ஊர்’ என்று கேட்கிறீர்கள். பிரிட்டனின் பதில்: வெளியேறியது காவல்படைதான், அதற்கப்புறம் ஒன்பது, பத்து தலைமுறை இங்கே பிறந்து இங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறது, அவர்களைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது?

நலனா, விருப்பமா?

சட்டச் சண்டையின் முடிச்சு இந்த இரண்டு சொற்களில்தான் இருக்கிறது.

1960-ல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 1514-ஆம் தீர்மானம் காலனி ஆட்சிகளை முடிவுக்குக் கொண்டுவரச் சொன்ன புகழ்பெற்ற ஆவணம். அதன் 2-ஆம் பத்தி, எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு என்கிறது. தங்கள் அரசியல் நிலையைத் தாங்களே முடிவு செய்யும் உரிமை. இது பிரிட்டன் கையில் எடுக்கும் பத்தி. அதே தீர்மானத்தின் 6-ஆம் பத்தி, ஒரு நாட்டின் நிலப்பரப்பு ஒருமைப்பாட்டைக் குலைக்கும் முயற்சி ஐ.நா. சாசனத்துக்கு ஒவ்வாதது என்கிறது. இது அர்ஜென்டினா கையில் எடுக்கும் பத்தி. ஒரே காகிதம், இரண்டு வக்கீல்கள்.

1965-ல் வந்த 2065-ஆம் தீர்மானம் நேரடியாக இந்தத் தீவுகளைப் பற்றியது. இரண்டு அரசுகளுக்கும் இடையே இறையாண்மைத் தகராறு இருக்கிறது என்று குறிப்பிட்டு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. பேசும்போது தீவு மக்களின் ‘நலன்களை’ மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னது. ‘விருப்பங்களை’ என்று சொல்லவில்லை.

வித்தியாசம் சின்னதாகத் தெரியும். வீட்டில் மைனர் பிள்ளைக்கு நல்லது எது என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்வது நலன் பார்ப்பது. வளர்ந்த ஆளிடம் ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டு அதன்படி நடப்பது விருப்பம் பார்ப்பது. அர்ஜென்டினாவின் வாதம் முழுக்க முதல் வகை. தீவு மக்களின் வாழ்க்கை முறையையும் மொழியையும் சொத்தையும் காப்போம், ஆனால் நாட்டின் உரிமையை முடிவு செய்யும் கட்சிக்காரர் அவர்கள் அல்ல என்கிறது. இதை 1994-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள்: தீவுகளை மீட்பது அர்ஜென்டினா மக்கள் கைவிட முடியாத நிரந்தரக் குறிக்கோள், தீவுவாசிகளின் வாழ்க்கை முறையை மதித்தே அது செய்யப்படும் என்று. எந்த அதிபர் வந்தாலும் இதிலிருந்து இறங்கிவர முடியாது.

1985-ல், ஃபாக்லாந்து தீர்மானத்தில் சுயநிர்ணய உரிமை பற்றிய வாசகங்களைச் சேர்க்கப் பிரிட்டன் முயன்றது. பொதுச்சபை நிராகரித்தது. எனவே ஐ.நா. தாள்களில் இன்றைக்கும் இந்த இடம் சுயாட்சி பெறாத பகுதிகளின் பட்டியலில், பேசித் தீர்க்க வேண்டிய தகராறாகவே நிற்கிறது. 2013 வாக்கெடுப்பை ஐ.நா. நடத்தவும் இல்லை, மேற்பார்வையிடவும் இல்லை. வெளிநாட்டுப் பார்வையாளர் குழு ஒன்று வந்து பார்த்து, ஒழுங்காக நடந்தது என்று சொன்னது. ஒழுங்காக நடந்ததா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. வாக்கெடுப்புக்குப் பின் அப்போதைய அர்ஜென்டினா அதிபர் கிறிஸ்டினா ஃபெர்னாண்டஸ் சொன்னது, ஒரு கட்டடத்தை ஆக்கிரமித்தவர்கள் கூடி, தொடர்ந்து இருக்கலாமா என்று தங்களுக்குள் வாக்கெடுத்த மாதிரி என்பதுதான். கேள்வி கேட்கப்பட்ட ஆட்களையே ஒரு தரப்பு ஏற்காதபோது, 99.8 சதவீதமும் 59 சதவீதமும் அந்தத் தரப்புக்கு ஒன்றுதான்.

தீவுக்காரர்கள் லண்டனை ஏன் நம்பவில்லை?

பிரிட்டன் எப்போதும் இந்தத் தீவை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது என்று நினைப்பது பெரிய தவறு. 1982-க்கு முந்தைய பதினைந்து ஆண்டுகள், கௌரவமாகக் கைகழுவ லண்டன் வழி தேடிக்கொண்டிருந்த காலம்.

1968-ல் சால்ஃபான்ட் பிரபு என்ற அமைச்சர் ஸ்டான்லிக்கு வந்து, அர்ஜென்டினாவோடு பேசிவரும் விஷயத்தை மக்களுக்குப் புரியவைக்க முயன்றார். எதிர்ப்போடு திரும்பினார். 1971-ல் போக்குவரத்து ஒப்பந்தம் போட்டார்கள்; அதன்பின் தீவுக்கு வெளியே போக வேண்டும் என்றால் அர்ஜென்டினா விமானப்படை நடத்திய விமானத்தில் ஏற வேண்டும். எரிபொருள் கொண்டுவந்ததும் அர்ஜென்டினாவின் அரசு எண்ணெய் நிறுவனம்.

1980-ல் நிக்கலஸ் ரிட்லி என்ற அமைச்சர் கொண்டுவந்த யோசனை இன்னும் சுவாரசியமானது. பட்டாவை அர்ஜென்டினா பெயருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு, அதே நிலத்தைப் பிரிட்டன் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்துக்கொள்வது. கொடியில் அவர்களுக்குத் திருப்தி, நிர்வாகத்தில் உங்களுக்கு மாற்றம் இல்லை என்று விளக்கினார். ஸ்டான்லியில் கூச்சல் போட்டு அவரை வழியனுப்பினார்கள். நாடாளுமன்றத்திலும் எல்லாக் கட்சியினரும் பிய்த்தெடுத்தார்கள்.

அப்புறம் 1981. அந்த ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் தீவுக்காரர்களில் பலரை முழுப் பிரிட்டிஷ் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. அதே ஆண்டு பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் செலவைக் குறைக்கிறேன் என்று போட்ட திட்டத்தில், தென் அட்லாண்டிக்கில் சுற்றிக்கொண்டிருந்த ஒரே ரோந்துக் கப்பலான ‘எண்டூரன்ஸ்’ கழித்துக்கட்டப்பட இருந்தது. பழைய கப்பல், ஆயுதமும் பெரிதாகக் கிடையாது. ஆனால் காவலாளியை நிறுத்தினால், சொத்தின் மேல் உரிமையாளருக்கு அக்கறை இல்லை என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அர்ஜென்டினா தலைநகர் பியூனஸ் ஐரிஸில் ஆட்சியிலிருந்த ராணுவக் குழு அப்படித்தான் படித்தது.

1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா படைகள் இறங்கின. காவலுக்கு இருந்தவர்கள் சில டஜன் பிரிட்டிஷ் மரீன் வீரர்கள். மறுநாளே பாதுகாப்புச் சபை 502-ஆம் தீர்மானத்தில் அர்ஜென்டினா உடனே வெளியேற வேண்டும் என்றது. கால்டியேரி தலைமையிலான ராணுவக் குழு கேட்கவில்லை. 74 நாள் போர். அர்ஜென்டினா தரப்பில் 649 பேர், பிரிட்டிஷ் படையில் 255 பேர், தீவுவாசிகள் 3 பேர் உயிரிழந்தார்கள். அர்ஜென்டினாவின் இழப்பில் பாதி, ‘பெல்கிரானோ’ என்ற ஒரே கப்பல் மூழ்கியதில்: 323 பேர்.

போருக்குப் பிறகு 1983-ல் தனிச்சட்டம் போட்டு தீவுக்காரர்களுக்கு முழுக் குடியுரிமை கொடுத்தார்கள்.

வாக்குச்சீட்டில் இருந்த இன்னொரு வரி

2013 வாக்குச்சீட்டில் கேள்விக்கு மேலே ஒரு முன்குறிப்பு அச்சிடப்பட்டிருந்தது. உள் நிர்வாகம் தீவுகளிடம் இருக்கிறது, பாதுகாப்பும் வெளியுறவும் உள்ளிட்ட விஷயங்கள் பிரிட்டனின் பொறுப்பு என்று அதில் விளக்கியிருந்தார்கள். அதற்குக் கீழேதான் ‘இந்த நிலை நீடிக்க விரும்புகிறீர்களா?’ என்ற கேள்வி.

செய்திகளில் பெரும்பாலும் விட்டுப்போனது இந்த முன்குறிப்புதான். சீட்டில் ‘ஆம்’ என்று குறித்தவர் ‘நான் பிரிட்டிஷ்காரர்’ என்று மட்டும் சொல்லவில்லை. ‘எங்களைக் காப்பது உங்கள் வேலை, இதோ எழுத்தில் இருக்கிறது’ என்றும் சொன்னார். 1968, 1980, 1981 எல்லாம் நினைவிருக்கிற ஊர் அது. இனி எந்தப் பிரதமரும் பட்டா மாற்றம், குத்தகை என்று பேச வாயெடுத்தால், ‘1,513 பேர் சொன்னதை மீறுகிறீர்களா’ என்ற கேள்வி அவர் நாடாளுமன்றத்திலேயே எழும். வாக்கெடுப்பு பன்னாட்டுச் சட்டத்தில் எதையும் தீர்க்கவில்லை. பிரிட்டிஷ் அரசியலில் ஒரு கதவைப் பூட்டியது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘இல்லை’ என்ற மூவரும் அர்ஜென்டினாவோடு சேர விரும்பியவர்கள் என்று அர்த்தமில்லை. கேள்வி இப்போதைய நிலை வேண்டுமா என்பதுதான். தனி நாடாக வேண்டும் என்று நினைப்பவரும் ‘இல்லை’ என்றுதான் குறித்திருக்க முடியும். படைத்தளத்தில் பணிபுரியும் வீரர்களுக்கு வாக்கு கிடையாது. தீவில் நிரந்தரத் தகுதி பெற்றவர்களுக்கே உண்டு. ஆக, ராணுவத்தை வைத்து எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டார்கள் என்ற பேச்சு நிற்காது.

இந்த மாதிரி முடிவு பிரிட்டனுக்குப் புதிதும் அல்ல. ஸ்பெயின் உரிமை கோரும் ஜிப்ரால்டரில் 1967-ல் 12,138 பேர் பிரிட்டன் பக்கமும் 44 பேர் ஸ்பெயின் பக்கமும் வாக்களித்தார்கள். அங்கேயும் தகராறு தீரவில்லை.

எல்லாம் ஓடுபாதையின் நீளம்

சரி, பாதுகாப்புப் பொறுப்பு பிரிட்டனுடையது. 12,000 கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு எப்படிக் காப்பது? இதற்கு விடை 1982-லேயே கிடைத்துவிட்டது. அந்தப் போரைக் கப்பல்களின் போராகவே நினைவு வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அது ஓர் ஓடுபாதையின் கதை.

அன்று ஸ்டான்லி விமான நிலைய ஓடுபாதையின் நீளம் சுமார் 1,250 மீட்டர். சிறிய விமானங்களுக்கும், முக்கி முனகி ஹெர்குலிஸ் சரக்கு விமானத்துக்கும் போதும். வேகமான போர் விமானங்களை அங்கே நிறுத்தி இயக்க முடியாது. இதனால் விளைந்தவை:

1. தீவைக் கைப்பற்றிய பிறகும் அர்ஜென்டினாவின் வேகமான ஜெட் போர் விமானங்கள் தாய்நாட்டிலிருந்தே பறந்துவர வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் வந்தபின் தீவின் மேல் சண்டையிடச் சில நிமிடங்களுக்கு மேல் எரிபொருள் கிடையாது.

2. பிரிட்டனால் வான்வழியாகப் படையைக் கொண்டுவர முடியவில்லை. ஏப்ரல் 5-ஆம் தேதி கிளம்பிய கப்பற்படை சான் கார்லோஸ் கரையில் ஆட்களை இறக்கியது மே 21-ஆம் தேதி. எதிரிக்குப் பதுங்குகுழி தோண்ட ஆறு வாரத்துக்கும் மேல் அவகாசம்.

3. அந்த ஓடுபாதையை உடைக்க, வழியில் இருந்த அசென்ஷன் தீவிலிருந்து ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானம் போய்வர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆனது. வானிலேயே எரிபொருள் ஊட்ட 11 விக்டர் விமானங்கள் கிளம்பின. 21 குண்டுகள் போட்டார்கள். ஓடுபாதையில் விழுந்தது ஒன்று.

போர் முடிந்ததும் பிரிட்டன் செய்த முதல் பெரிய வேலை, ஸ்டான்லியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வெறும் புல்வெளியில் மவுண்ட் பிளசன்ட் விமானத் தளத்தைக் கட்டியது. 1985-ல் திறந்தார்கள். ஓடுபாதை சுமார் 2,590 மீட்டர், பழையதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பெரிய பயணிகள் விமானம் இறங்கலாம்; அதாவது ஒரு பட்டாளமே பிரிட்டனிலிருந்து ஒரு நாளுக்குள் வந்து இறங்கலாம்.

இந்தக் காவல் ஏற்பாட்டின் சூட்சுமமே இதுதான். அங்கே நிற்கும் படை, போரை வெல்வதற்காக நிறுத்தப்பட்டதல்ல. உதவி வந்து சேரும் வரை அந்த ஒரு ஓடுபாதை எதிரி கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை.

அங்கே என்ன இருக்கிறது?

ராணுவத்தினரும் தளப் பணியாளர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். சுற்றுமுறையில் வரும் ஒரு காலாட்படைப் பிரிவு. ஒரு ரோந்துக் கப்பல். மூன்று மலைமுகடுகளில் ரேடார் நிலையங்கள். பழைய ரேப்பியர் ஏவுகணைகளுக்குப் பதிலாக வந்திருக்கும் ‘ஸ்கை சேபர்’ வான்பாதுகாப்பு ஏவுகணைகள். உள்ளூர்க்காரர்கள் பகுதிநேரமாகச் சேர்ந்து நடத்தும் தீவுப் பாதுகாப்புப் படை ஒன்றும் உண்டு; அதன் செலவை மட்டும் தீவு அரசு ஏற்கிறது. பிரிட்டனின் அணுசக்தி நீர்மூழ்கி பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டால் லண்டன் பதில் சொல்லாது. தெரியாமல் இருப்பதே அதன் பயன்.

நான்கு டைஃபூன் போர் விமானங்கள் 2009 முதல் அங்கே நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரில் மால்டா தீவைக் காத்ததாகச் சொல்லப்படும் மூன்று பழைய விமானங்களை நினைவூட்டி, இவற்றுக்கு விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பைபிள் வரிசையிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். நான்காவதற்குப் பெயர் மிஞ்சவில்லை. அதனால் ‘வேறு கதியில்லை’ என்ற பொருளில் ஒரு பெயர். படைவீரர்களின் நகைச்சுவை எந்த நாட்டிலும் ஒரே ஜாதிதான்.

பலவீனம் இல்லாமல் இல்லை. பிரிட்டனிலிருந்து வரும் வான்வழிப் பாலம் ஏறத்தாழ 18 மணி நேரப் பயணம், நடுவில் அசென்ஷனில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ள வேண்டும். 2017-ல் அசென்ஷன் ஓடுபாதை பழுதாகிப் பெரிய விமானங்கள் இறங்க முடியாமல் போனது. கேப் வர்டி போன்ற மேற்கு ஆப்பிரிக்க இடங்கள் வழியாகச் சுற்றிவந்தார்கள். மவுண்ட் பிளசன்டில் மலைக்காற்று சுழன்றடித்தால் இறங்குவதும் சிரமம். மொத்தப் பாதுகாப்பும் இரண்டு ஓடுபாதைகளில் தொங்குகிறது, அவற்றுக்கு இடையே 6,000 கிலோமீட்டருக்கும் மேல் கடல்.

அர்ஜென்டினாவால் இன்னொரு முறை முடியுமா?

இன்றைய நிலையில் முடியாது என்பதே என் கணிப்பு. ராணுவ ஆட்சியின் கொடுமைகளையும் தோல்வியையும் பார்த்த அந்நாட்டு மக்கள், ராணுவத்துக்குப் பணம் கொடுப்பதையே பல ஆண்டுகள் குறைத்துவிட்டார்கள். மிராஜ் விமானங்கள் 2015-ல் ஓய்வு பெற்றன. 2017-ல் ‘சான் ஹுவான்’ நீர்மூழ்கி 44 பேரோடு கடலில் மறைந்தது. 2020-ல் தென்கொரியாவிடம் எஃப்ஏ-50 விமானம் வாங்கப் போனார்கள். அதில் பிரிட்டிஷ் உதிரிபாகங்கள் இருந்ததால் பிரிட்டனின் ஆயுதத் தடை குறுக்கே வந்தது. இந்தச் சத்தமில்லாத தடையும் தீவின் பாதுகாப்பில் ஓர் அங்கம். நான்கு டைஃபூன்கள் போதும் என்ற நிலையை அதுதான் நீடிக்க வைத்தது.

2024-ல் டென்மார்க்கிடமிருந்து 24 பழைய எஃப்-16 விமானங்களை வாங்க, அமெரிக்க ஒப்புதலோடு, அர்ஜென்டினா ஒப்பந்தம் போட்டது. இது கணக்கைக் கொஞ்சம் மாற்றும், தலைகீழாக்காது. தீவைப் பிடிக்க விமானம் போதாது. ஆயிரக்கணக்கான ஆட்களைக் கரையில் இறக்கி, மாதக்கணக்கில் சோறு போட்டு வைத்திருக்கக் கப்பல்கள் வேண்டும். அந்த வலு இப்போது அங்கே இல்லை. தவிர, 1983-ல் மக்களாட்சி திரும்பியதிலிருந்து எந்த அர்ஜென்டினா அரசும் படையெடுப்பைப் பற்றிப் பேசியதில்லை. பேச்சுவார்த்தை, நெருக்கடி, ஐ.நா. மேடை: இவைதான் அவர்கள் வழி. தீவுக் கொடி பறக்கும் கப்பல்களைத் துறைமுகத்தில் சேர்ப்பதில்லை என்று 2011 கடைசியில் மெர்கோசூர் என்ற தென் அமெரிக்க வணிகக் கூட்டமைப்பின் நாடுகளை முடிவெடுக்க வைத்தது அந்த வழியில் ஒரு படி. வாக்கெடுப்பு அறிவிப்பு வந்தது அடுத்த ஆறு மாதத்தில்.

கணவாய் மீன் கட்டிய ஊர்

போருக்கு முன் தீவு ஆட்டுக் கம்பளியை நம்பியிருந்த, ஆட்கள் குறைந்துகொண்டே வந்த ஊர். 1986-ல் அர்ஜென்டினா அந்தக் கடலில் மீன்பிடிக்கச் சோவியத் யூனியனோடும் பல்கேரியாவோடும் ஒப்பந்தம் போட்டது. பதிலுக்குப் பிரிட்டன் தீவைச் சுற்றி 150 கடல் மைல் மீன்பிடி வலயம் அறிவித்தது. 1987 முதல் வெளிநாட்டுப் படகுகள் உரிமக் கட்டணம் கட்டிக் கணவாய் பிடிக்க வந்தன. தீவு அரசின் வருமானம் சில ஆண்டுகளில் பல மடங்கானது. பள்ளி, மருத்துவமனை, சாலை, பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் செலவு எல்லாம் பெரும்பாலும் கணவாய்ப் பணம். ஸ்பெயினில் வறுத்துத் தின்னும் கணவாயில் பெரும் பங்கு இங்கிருந்து விகோ துறைமுகம் வழியாகப் போவது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டுக்குப் பிறகு அதற்குச் சுங்கவரி விழுந்ததும், லண்டனில் எடுக்கும் முடிவு இந்தக் கடல்வரை வலிக்கும் என்று இன்னொரு முறை தெரிந்தது.

பாதுகாப்பைத் தவிர மற்ற செலவை எல்லாம் தீவே பார்த்துக்கொள்கிறது. அந்த ஒரு விதிவிலக்குதான் ‘தனி நாடு’ என்ற பேச்சை எழவிடாமல் வைத்திருக்கிறது. மூவாயிரம் பேரால் டைஃபூன் வாங்க முடியாது.

கேட்கப்படாத இன்னொரு தீவு

மக்களின் விருப்பமே முதன்மை என்ற பிரிட்டனின் பேச்சை அப்படியே விழுங்க முடியாததற்கு ஒரு காரணம் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. சாகோஸ் தீவுகளில் இருந்த ஆயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்ட மக்களை, டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைப்பதற்காக, 1973-க்குள் பிரிட்டன் அப்புறப்படுத்தியது. அவர்களிடம் யாரும் வாக்குச்சீட்டு நீட்டவில்லை. 2019-ல் பன்னாட்டு நீதிமன்றம் பிரிட்டன் அங்கிருந்து விலக வேண்டும் என்று ஆலோசனைக் கருத்து சொன்னது. 2025 மே மாதம் மொரீஷியஸோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது: இறையாண்மை மொரீஷியஸுக்கு, டியேகோ கார்சியா 99 ஆண்டுக் குத்தகையில் பிரிட்டனுக்கு. ஃபாக்லாந்துக்காரர்கள் 1980-ல் கூச்சலிட்டுத் துரத்திய அதே பட்டா–குத்தகைத் திட்டம். சாகோஸில் மக்கள் ஊரிலேயே இல்லை, அங்கிருந்து கூச்சலிடவும் ஆளில்லை. சட்ட ரீதியாக இரண்டும் வேறு வேறு வழக்குகள்தான். ஆனால் அந்த ஒப்பந்தச் செய்தி வந்ததும் ஸ்டான்லியில் கவலை கிளம்பியதும், லண்டன் உடனே ‘ஃபாக்லாந்து விஷயத்தில் மாற்றமில்லை’ என்று சொல்ல வேண்டியிருந்ததும் சும்மா இல்லை.

கால்களால் வாக்கு

கடைசியாக ஒன்று, அண்மையில் நடந்தது. 2025 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா அதிபர் ஹாவியர் மிலேய், போர் நினைவு நாள் உரையில் ஒரு விஷயம் சொன்னார். மால்வினாஸ் மக்கள் ஒருநாள் தங்கள் கால்களாலேயே எங்களுக்கு வாக்களிக்க வேண்டும், அவர்களே எங்களை விரும்பித் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு நாம் வளமாக வேண்டும் என்பது அதன் சாரம். வெளியில் இருப்பவர்களுக்கு இது நல்லெண்ணப் பேச்சாகத்தான் கேட்டிருக்கும். அர்ஜென்டினாவில் எதிர்க்கட்சிகள் கொதித்தன. அறுபது ஆண்டுகளாக ஐ.நா.வில் அவர்கள் தூதர்கள் ‘நலன்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, ‘விருப்பம்’ என்பதை உள்ளே விடாமல் காத்துவந்திருக்கிறார்கள். காலாலோ கையாலோ, அவர்கள் வாக்களிக்கட்டும் என்று அதிபரே சொல்லிவிட்டால், 2013-ல் எண்ணப்பட்ட அந்த 1,513 சீட்டுகளை என்ன செய்வது?